தறியும் கணிப்பொறியும்

மாமல்லபுரம் என்றதும் பல்லவர் கால உளியின் புகழே நம் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு கிடக்கும் கடற்கரையில் உழைத்து வாழ்ந்த மக்களின் வரலாற்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. செங்கற்பட்டுச் சீமையின் இக்கரை, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த நாடுகளின் தேவைக்காக உழைத்தது; இன்றும் உழைக்கிறது. அன்று துணி, இன்று கணிப்பொறி நிரல். சரக்கு மாறிவிட்டது. உழைப்பவருக்கும் உழைப்பை வாங்குபவருக்கும் இடையே உள்ள உடன்படிக்கை என்ன ஆயிற்று என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ளது சதுரங்கப்பட்டினம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அங்கு வந்து பண்டகசாலை அமைத்தனர். பின்னர்க் கோட்டையும் எழுப்பினர். அதன் சிதைந்த மதில்களையும் உள்ளே இருக்கும் கல்லறைகளையும் இன்றும் காணலாம். வடக்கே, தமீமுல் அன்சாரி தர்காவினால் நம்மவர் நன்கறிந்த கோவளம். ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் அதற்குச் ‘சஆதத் பந்தர்’ என்றும் பெயர். 1720களில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் அங்கே வணிகம் நடத்தினர். இவர்கள் யாவரும் இக்கரையில் தேடியது பருத்தித் துணியே. சோழமண்டலக் கரையின் மரக்காயர் பெருமக்கள் மலாக்காவுக்கும் கெடாவுக்கும் அச்சேவுக்கும் ஏற்றிச் சென்ற சரக்கிலும் துணியே முதன்மையானது.

அத்துணியை நெய்தவர் நிலை யாது? வணிகர் முன்பணம் தருவார். நெசவாளர் நூல் வாங்கித் தம் வீட்டுத் தறியில் நெய்வார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல்கள் இக்கரையை விட்டு அகன்றுவிடும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட இயலாமல் தறியும் ஓயும். வறுமை இருந்தது, வணிகரின் கெடுபிடியும் இருந்தது. எனினும் ஓர் உரிமை இருந்தது. பேச்சு ஒத்துவராவிடின், முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேறொரு வணிகரிடம் செல்லலாம். வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். 1763இல் செங்கற்பட்டுச் சீமையை நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற ஆங்கிலக் கம்பெனி, வணிகரும் தானே, ஆள்வோரும் தானே என்றானது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டு நெசவாளரின் அவ்வுரிமையை அது அதிகாரத்தின் துணைகொண்டு ஒடுக்கியது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் சதுரங்கப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆலைத்துணி பெருகியது, பழைய ஏற்றுமதி வணிகம் அடங்கியது. கேளம்பாக்கத்து உப்பளங்களும் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளுமே இக்கரைக்கு எஞ்சின.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையின் இருமருங்கிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. சிறுசேரியில் சிப்காட் பூங்கா வந்தது. செங்கற்பட்டை அடுத்த பரனூரில் 2002 முதல் மகேந்திரா வேர்ல்டு சிட்டி வளர்ந்தது. சிற்றூர்களில் படித்த ஆண்மக்களும் பெண்மக்களும் இவ்விடங்களில் வேலை பெற்றனர். அவர்கள் ஊதியத்தால் கடன் தீர்ந்த குடும்பங்கள் பல. தங்கையர் கல்லூரி கண்ட இல்லங்கள் பல. இந்நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

அவர்தம் அன்றாட வாழ்வைச் சற்று நோக்குவோம். கம்பெனிப் பேருந்து, வாயிலில் அட்டை, எந்த மணியில் எந்த வேலை செய்தோம் என்று நிரப்பும் பதிவு, அமெரிக்க வாடிக்கையாளருடன் தொலைபேசிக் கூட்டம். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால், குளிர்காலத்தில் இங்கு இரவு ஏழரை; கோடையில் மாலை ஆறரை. கோடையில் அக்கூட்டம் மக்ரிபு நேரத்தில் வந்து நிற்கும். கலிபோர்னியாவில் ஒன்பது மணியானால் இங்கே குழந்தைகள் உறங்கியிருக்கும். மார்ச்சு மாதத்தில் அந்நாட்டார் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ள, சிறுசேரியில் பணிபுரிபவரின் வீட்டு உலையும் அதற்கேற்ப மாறுகிறது. அன்று நெசவாளரின் ஓய்வை வகுத்தது மழை. இன்று வகுப்பது அயல்நாட்டுக் கடிகாரம்.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் ‘இஜாரா’ சட்டம் எண்ணத்தக்கது. ஹனஃபி அறிஞர்கள் கூலிக்கு உழைப்போரை இருவகைப்படுத்துவர். தையற்காரர், சாயமிடுவோர் போல் பலருக்கும் வேலை முடித்துத் தருபவர் ‘அஜீர் முஷ்தரக்’. வேலை முடிந்தால்தான் அவருக்குக் கூலி. மாதக் கூலிக்கு ஆடு மேய்ப்பவர் போலத் தம் காலத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர் ‘அஜீர் காஸ்’. குறித்த காலத்தில் அவர் பணிக்கு ஆயத்தமாக இருந்தாலே கூலிக்கு உரியவராவார். முதலாளியிடம் வேலை இல்லாமற் போவது அவர் குற்றமன்று. கணிப்பொறிப் பணியாளர் மாதச் சம்பளத்தால் இரண்டாம் வகையினர். ஆனால் வேலை முடியும்வரை நள்ளிரவானாலும் எழக்கூடாது என்னும்போது முதல் வகையினராக நடத்தப்படுகிறார். புதிய வேலைத்திட்டம் கிடைக்காமல் ‘பெஞ்சில்’ காத்திருக்கும் நாட்களில், வேலையே போய்விடுமோ என அஞ்சுகிறார். இருவகைச் சுமையும் அவருக்கு; இருவகை உரிமையும் அவருக்கில்லை.

உரிமை தானாக வந்து வாயிலில் நிற்பதில்லை. 2014ஆம் ஆண்டின் இறுதியில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தில் ஆட்குறைப்பு எழுந்தபோது, கருவுற்றிருந்த ஒரு பெண் பணியாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 ஜனவரியில் அவரது பணிநீக்கத்திற்கு இடைக்காலத் தடை கிடைத்தது. கணிப்பொறித் துறையினருக்கும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை உண்டென 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அன்றைய நெசவாளர் முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகினார். இன்றோ பல நியமன ஆணைகளில் தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு எழுதப்பட்டிருக்கிறது. விடுவிப்புக் கடிதம் பெறாமல் அடுத்த வாயில் எளிதில் திறப்பதில்லை.

நிலம் வாங்கும்போது பத்திரத்தை வரிவரியாகப் படிக்கிறோம். மகனுக்கோ மகளுக்கோ வேலை என்றதும் சம்பளத் தொகையை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடுகிறோம். வேலை எது, காலம் எவ்வளவு, கூலி என்ன என்று மூன்றும் தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதே இஜாராவின் அடிப்படை. விலகும் வழி எது என்பதையும் சேர்த்துக் கேட்கும்படி இக்கரையின் வரலாறு நமக்குச் சொல்கிறது. பெற்றோர் அந்த ஆணையைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை முழுமையாகப் படிப்பாராக.