ஊர்ச் சின்னத்தில் ஓர் அணு உலை

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க ஜெர்மனி போய்வரும் அன்பர்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. மியூனிக் பக்கம் போகிறவர்கள் யு6 மெட்ரோவில் ஏறி வடக்கே சுமார் அரை மணி நேரம் சென்றால் கார்ஹிங் என்ற ஊர் வரும். அந்த ஊரின் சின்னத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு.

முதலில், சின்னம் என்றால் என்ன? ஜெர்மனியில் பெருநகரங்களுக்கு மட்டுமல்ல, சிறிய ஊராட்சிகளுக்கும் கேடய வடிவில் சொந்தச் சின்னம் இருக்கும். அதை 'வாப்பென்' என்பார்கள். ஆயுதத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 12ஆம் நூற்றாண்டில், தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்த வீரர்களை அடையாளம் காணக் கேடயத்தில் படம் தீட்டினார்கள். அது பிறகு பிரபுக்களின் குடும்பச் சின்னமாகி, நகரங்களுக்கும் பரவியது. கிராமங்களில் பல 20ஆம் நூற்றாண்டில்தான் சின்னம் பெற்றன.

இதற்குக் கண்டிப்பான இலக்கணம் உண்டு. பொன்னும் வெள்ளியும் 'உலோகங்கள்'; சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை 'வண்ணங்கள்'. உலோகத்தின் மேல் உலோகமோ, வண்ணத்தின் மேல் வண்ணமோ வரக்கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதே காரணம்.

எந்தப் படத்தைப் போடுவது? சில ஊர்கள் தங்கள் பெயரையே படமாக்கின. மியூனிக் என்ற பெயர் துறவிகளைக் குறிப்பது. அதன் சின்னத்தில் ஒரு துறவி நிற்கிறார். அருகிலுள்ள ஏபர்ஸ்பெர்க்கின் பெயரில் 'காட்டுப்பன்றி' என்ற சொல் இருக்கிறது, சின்னத்திலும் காட்டுப்பன்றி. மற்ற ஊர்கள் தேவாலயத்தின் புனிதர், பழைய பிரபுவின் அடையாளம், ஏர், ஆலைச் சக்கரம் என்று தேர்ந்தெடுத்தன. எல்லாமே பழமையைச் சொல்பவை.

கார்ஹிங்கும் அப்படிச் செய்திருக்கலாம். கி.பி. 915லேயே ஆவணத்தில் இடம்பெற்ற விவசாய ஊர் அது. ஆனால் 1967இல் அமைந்த அதன் சின்னத்தில் இடம்பிடித்தது ஓர் அணு உலையின் குவிமாடம்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அணு ஆராய்ச்சிக்குத் தடை இருந்தது. 1955இல் மேற்கு ஜெர்மனி இறையாண்மை பெற்றதும் நிலைமை மாறியது. மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஹைன்ஸ் மையர்-லைப்னிட்ஸ் முன்னின்று உழைக்க, அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி உலை வாங்கப்பட்டது. கார்ஹிங் வயல்வெளியில் அது 1957 அக்டோபர் 31 அன்று இயங்கத் தொடங்கியது. ஜெர்மனியின் முதல் அணு உலை அதுதான். மின்சாரத்துக்காக அல்ல, ஆராய்ச்சிக்கு வேண்டிய நியூட்ரான்களுக்காக. கெர்ஹார்ட் வேபர் வடிவமைத்த 30 மீட்டர் உயரக் குவிமாடத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'அணு முட்டை'. ஊருக்கு 'அணு கிராமம்' என்ற பெயரும் வந்தது. பத்தே ஆண்டுகளில் முட்டை சின்னத்திலும் ஏறிவிட்டது.

அந்தக் காலத்தில் அணு என்றால் எதிர்காலம், நம்பிக்கை. பிறகு காலம் மாறியது. பக்கத்திலேயே புதிய உலை கட்டத் திட்டமிட்டபோது, அதில் பயன்படும் உயர்செறிவு யுரேனியம் பற்றிக் கடும் விமர்சனம் எழுந்தது. உள்ளூர் மக்களில் ஒரு பகுதியினரே குழு அமைத்து எதிர்த்தார்கள். பழைய உலை 2000 ஜூலையில் நிறுத்தப்பட்டது. புதியது 2004இல் இயங்கத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனி தன் கடைசி மூன்று அணுமின் நிலையங்களையும் மூடியது. அவற்றில் ஒன்று கார்ஹிங் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இருந்தது.

ஆனாலும் முட்டை சின்னத்தில் அப்படியே இருக்கிறது. குவிமாடமும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக நிற்கிறது. வயலாக இருந்த இடத்தில் இன்று பெரிய ஆராய்ச்சி வளாகம். ஊர் 1990இல் நகரமாகவும் உயர்ந்தது. இதற்கெல்லாம் தொடக்கம் அந்த முட்டைதான். அணுசக்தியை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மறுக்க முடியாத உண்மை இது. எதிர்காலத்தின் அடையாளமாக வரைந்தது, இன்று ஏரையும் ஆலைச் சக்கரத்தையும் போலவே ஊரின் பழங்கதையாகிவிட்டது.

அடுத்தமுறை அந்தப் பக்கம் போகிறவர்கள் யு6 பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கி, அணு முட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.