துண்டு முதல் குடும்ப அட்டை வரை: தொழில்வழிப் புலப்பெயர்வின் சொற்களும் பழனிமலைத் தாயகம் திரும்பியோரும்

முன்னுரை

தொழில் விசா, ஸ்பான்சர், பணி அனுமதி, குடியகல்வு அனுமதி முதலான சொற்கள் இன்று வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் செல்வோரிடையே அன்றாட வழக்கில் உள்ளன. இவை குறிக்கும் உறவு தமிழ்த் தொழிலாளருக்குப் புதியதன்று. ஒருவர் எல்லை கடப்பதையும் வேலை செய்வதையும் ஒரே தாளில் பிணைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ்ச் சொற்களில் வழங்கியது. அச்சொற்களுள் சில ஆங்கிலச் சட்டங்களுக்குள்ளும் மொழிபெயர்க்கப்படாமலேயே புகுந்தன. இலங்கைத் தோட்டங்களுக்கும் பழனிமலைக்கும் இடையே நடந்த போக்குவரவின் துணைகொண்டு அச்சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு சொல்லின் முன்னும் அது எழுப்பும் வினா ஒன்றே: அனுமதியைக் காட்டும் தாள் யார் கையில் இருந்தது?

கங்காணியும் துண்டும்

மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துச் சென்றனர். இலங்கைக்குச் சென்றோர் அத்தகைய ஒப்பந்தம் எதிலும் ஒப்பமிடவில்லை. எனவே முன்னையோரைப் பிணைக்கப்பட்டோர் என்றும் பின்னையோரைக் கட்டற்றோர் என்றும் பிரிப்பது குடியேற்ற ஆட்சியாளர் வழக்கம். பிற்கால ஆய்வுகள் சிலவும் அதனை அப்படியே ஏற்றன. இப்பிரிப்பு சட்ட ஏட்டளவில் சரியானது. இலங்கைத் தோட்டத் தொழிலாளி மாதக் கூலியாள். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்த முடியாமற் செய்தது கடன்.

கண்காணி என்பது கோயிற் கல்வெட்டுகளில் மேற்பார்வையாளரைக் குறிக்கும் பழஞ்சொல். தோட்டத்தில் அது கங்காணி எனத் திரிந்து, ஆள் திரட்டுபவர், வழிநடத்துபவர், கடன் கொடுப்பவர், வேலை வாங்குபவர் ஆகிய நால்வரின் பொருளையும் ஒருங்கே ஏற்றது. தலைக் கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். வேலைக்கு இறங்கிய ஆள் ஒருவருக்கு இவ்வளவு சதம் என்று தலைக்காசு பெற்றதால், ஆள் குறையாமல் வைத்திருப்பதே கங்காணியின் வருவாயாயிற்று. துரை கொடுத்த முன்பணம் கங்காணி வழியாக ஊரில் பழங்கடன் தீர்க்கவும் வழிச்செலவுக்கும் சென்றது. தொழிலாளி தோட்டத்தில் கால்வைக்கும் முன்பே அவர் பெயரில் பற்று எழுதப்பட்டிருந்தது.

இங்கேதான் துண்டு வருகிறது. தோட்டத்தை விட்டு நீங்க விரும்பும் கங்காணிக்குத் தோட்ட மேலாளர் எழுதித் தரும் சிறு முறி அது. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் இத்தனை ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் வாசகத்தின் சாரம். அதனை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு துரைமாரை நாடுவார். தொகையைக் கட்டுபவருக்கு ஆட்கள் உரியவராவர். புதிய துரை சற்று மிகுதியாகக் கொடுப்பார். மிகுதி கங்காணியிடம் தங்கும். கடனோ ஆட்கள் தலையில் ஏறும். ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் துண்டின் தொகை தோட்டத்துக்குத் தோட்டம் வீங்கியது. 1921இல் இலங்கை அரசு துண்டைச் சட்டத்தால் தடுத்தது. தோட்டத் துரைமாரே இம்முறையால் நொந்திருந்தனர் என்பதையும் அத்தடையின் பின்னணியாகக் கொள்ள வேண்டும். தொழிலாளர் மீதான இரக்கம் மட்டும் அதற்குப் போதிய விளக்கமாகாது.

துண்டு வேலைக்கு வழங்கிய அனுமதி அன்று. வேலையிலிருந்து விடுபடுவதற்கான விலை. பிற்காலத்து மலையகப் பேச்சில் பத்துச்சீட்டு எனப்பட்ட பற்றுச்சீட்டும் தோட்டத்தை விட்டு நீக்கும் தாளே. பத்துச்சீட்டுக் கொடுத்தார்கள் என்றால் வேலையும் லயத்து அறையும் ஒருசேரப் போயின என்று பொருள். நுழைவைக் குறிக்கும் சொற்களைவிட நீக்கத்தைக் குறிக்கும் சொற்களே தொழிலாளர் வழக்கில் வேரூன்றியமை கருதத்தக்கது.

தகடும் சட்டமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது டின் டிக்கெட். தோட்டத்தின் பதிவு எண் பொறித்த சிறு உலோகத் தகடு அது. கயிற்றில் கோத்து உடலில் அணிந்துகொள்வர். அதை அணிந்தவரின் வழிச்செலவும் தொற்றுத்தடுப்பு முகாம் செலவும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டன. ஆள் யார் என்பதைவிட எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதே தகட்டின் செய்தி. இன்றைய ஸ்பான்சர் என்னும் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய முன்வடிவத்தை யான் கண்டதில்லை. 1904இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையகமும் பின்னர் மண்டபம் முகாமும் இவ்வேற்பாட்டை நிலைப்படுத்தின.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் திறன்சாராத் தொழிலாளரின் குடியகல்வை அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. 1939 ஆகஸ்டு 1 முதல் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான், பத்தாம் வகுப்புத் தேறாதோர் கடவுச்சீட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு இன்றும் இடப்படுகிறது. காப்பாற்றும் நோக்கமும் தடுக்கும் அதிகாரமும் ஒரே அலுவலரிடம் கூடியிருப்பது இம்மரபின் இயல்பு.

இலங்கை விடுதலை பெற்றபின் சொற்கள் மீண்டும் மாறின. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் கீழ் வந்த தற்காலிக வதிவிட அனுமதி, பிறந்த மண்ணிலேயே ஒருவரைத் தவணைக்குட்பட்ட விருந்தாளியாக்கும் தாள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி உடன்பாடு 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அதற்குள் 1967ஆம் ஆண்டுச் செயலாக்கச் சட்டம் நால்வருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கினால் எழுவர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என்று விகிதம் வகுத்திருந்தது. நிறுத்தளக்கும் சரக்குக்குரிய மொழி இது.

குடும்ப அட்டை கொடைக்கானலில்

இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டோருக்குக் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் குடும்ப அட்டை வழங்கியது. குடும்பத்தினர் பெயர்களும் செல்லுமிடமும் மறுவாழ்வுத் திட்ட வகையும் அதில் பதிவாயின. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபத்தில் பதிந்து, அட்டை காட்டிய மாவட்டத்துக்குப் போக வேண்டும். துண்டும் தகடும் தோட்டத்தைச் சார்ந்தவை. குடும்ப அட்டையில் முதலாளி எவரும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குப்பின் தொழிலாளி தம் கையிலேயே வைத்திருந்த தாள் அதுவே எனலாம். அதன் வலிமையும் குறையும் அவ்வொரு கூற்றிலேயே அடங்கும். முதலாளி இல்லாத தாளில் வேலையும் இல்லை.

தேயிலைத் திட்டத்தில் இடம்பெற்றோர் நீலகிரிக்குச் சென்றனர். 1968இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி 1976இல் கழகமான தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அவர்களுக்காக அமைந்ததே. தொழிற்கடன் வகையில் சமவெளி மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டோர் நிலை வேறு. கடை வைத்துப் பழகாதவர்களிடம் கடைக்கான கடன் வந்தது. அது கரைந்தபின், தெரிந்த வேலையும் தெரிந்த குளிரும் உள்ள மலைகளை நோக்கிப் பலர் நடந்தனர். நீலகிரிக்கு அடுத்து அவர்கள் நாடிய மலைகளுள் பழனிமலை ஒன்று.

மேல்பழனியில் அப்போது வாட்டில் மரமும் தைல மரமும் பரந்து நின்றன. வாட்டில் பட்டை தோல் பதனிடுவதற்கும் மரம் கூழாக்குவதற்கும் சென்றன. கீழ்ப்பழனியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பகுதிகளில் காப்பி. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்கள் முன்பணம் கொடுத்துக் குடும்பங்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றனர். தங்குமிடம் கூப்புக்குள் கட்டிய குடிசை. அரிசி ஒப்பந்தக்காரர் கணக்கில். கூலி கணக்கு முடியும்போது. துண்டு என்ற சொல் மட்டும் இல்லை. கொத்தடிமை முறை பற்றி 1980களில் எழுந்த விவாதங்களில் கொடைக்கானல் மலையின் தாயகம் திரும்பியோர் இடம்பெற்றது இதனால்தான்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தின் வரையறையை இவ்விடத்தில் நோக்க வேண்டும். முன்பணத்தின் பொருட்டு ஒருவர் வேறு வேலை தேடும் உரிமையையோ நாட்டுக்குள் விரும்பியபடி செல்லும் உரிமையையோ இழப்பின் அது கொத்தடிமை. வரையறையின் மையம் சங்கிலியன்று; இடம்பெயர முடியாமை. இவ்வரையறையைத் துண்டின்மேல் வைத்துப் பார்த்தால் இலங்கைத் தோட்டத்தின் கட்டற்ற தொழிலாளரும் இதற்குள் அடங்குவர். மாறாக, 1859இன் ஒப்பந்தமீறல் சட்டம் முன்பணம் பெற்று வேலைக்கு வராதவரையே குற்றவாளியாக்கியது. அது நீங்கியது 1925இல். அதாவது கடன் கொடுத்தவர் குற்றவாளியாவதற்கு மேலும் ஐம்பதாண்டுகள் தேவைப்பட்டன.

பழனிமலையில் பிணைப்புழைப்பு இவர்களோடு தொடங்கவுமில்லை. குன்னுவரிடம் புலையர் நிலத்தோடு கட்டுண்டு உழைத்ததை 1868இல் மதுரை நாட்டைப் பற்றிய தம் நூலில் ஜே.எச். நெல்சன் பதிவு செய்துள்ளார். புதிதாக வந்தோர் பழைய ஏணியின் அடிப்படியில் அமர்ந்தனர் என்று சொல்லிவிடலாம். ஆனால் கையில் குடியுரிமைத் தாளுடன் அமர்ந்தனர் என்பதே வேறுபாடு.

அயல்நாட்டு ஒப்புமை இதைத் தெளிவாக்கும். வளைகுடாவின் கஃபாலா முறையில் வேலையை மாற்றக் கஃபீலின் தடையில்லாச் சான்று வேண்டியிருந்தது. கத்தார் அதனை 2020இல் நீக்கியது. அமெரிக்காவின் எச்-1பி விசாவில் வேலை போனால் வேறு நிறுவனம் தேடப் பொதுவாக 60 நாள் வரையே தவணை. இவ்விரண்டிலும் பிணைப்பு விசாவில் எழுதப்பட்டுள்ளது; எனவே சட்டம் திருத்தினால் தளரும். கொடைக்கானலிலோ தாளில் பிணைப்பே இல்லை. பிணைத்தது ஒப்பந்தக்காரரின் நோட்டுப் புத்தகம். குடிவரவுச் சொற்களை மட்டும் தொகுக்கும் அகராதியில் அந்த நோட்டுப் புத்தகத்துக்கு இடம் கிடைக்காது.

பெயர்களிலும் இவ்விடைவெளி தெரியும். அரசு ஆவணத்தில் அவர்கள் தாயகம் திரும்பியோர். அவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். திரும்புதல் என்னும் வினை அவர்களுடைய பாட்டனாருக்கே பொருந்தும். மலையில் அவர்களுக்கு வழங்கிய பெயர் சிலோன்காரர். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபின் படகேறி வந்தோர் அகதிகள் எனப் பதிவாயினர். அவர்களுள் மலையக வம்சாவளியினரும் இருந்தனர். ஒரே தோட்டத்திலிருந்து வந்த உறவினருள், கப்பலில் வந்தவர் குடிமகன், படகில் வந்தவர் அகதி.