ஓவியர் சொன்ன ஒரு "கூடாது"

இந்த முறை கொஞ்சம் பழைய கதை. 1865-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது. ஆனால் அது என் நினைவுக்கு வரக் காரணம் என் அறைத்தோழன்.

வகுப்பில் பற்று வரவு ஓடிக்கொண்டிருக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிற ஆள் அவன். சென்ற வருடம் ஒரு சிறிய பதிப்பகத்தார் குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்குப் படம் கேட்டார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்து கொடுத்தான். புத்தகம் வந்தபோது பார்த்தால் முயலின் கண் எது, மூக்கு எது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே மை. அதற்குக் கீழே அவன் பெயர்! "போய்க் கேளுடா" என்றேன். "கேட்டா அடுத்த வேலை தரமாட்டாங்கடா" என்று படுத்துவிட்டான்.

அவனுக்காகத்தான் ஜான் டென்னியல் கதையைத் தேடிப் படித்தேன்.

'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் லூயிஸ் கரோல். அது புனைபெயர். நிஜத்தில் அவர் சார்லஸ் டாட்சன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர். கதையை முதலில் கையால் எழுதி, படங்களையும் தானே வரைந்தார். அச்சில் கொண்டுவர அந்தப் படங்கள் போதாது என்று தோன்றியதால் 1864 ஜனவரியில், டாம் டெய்லர் என்ற நண்பரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு டென்னியல் வீட்டுக்குப் போனார். டென்னியல் அப்போது 'பஞ்ச்' பத்திரிகையின் பெரிய கார்ட்டூனிஸ்ட். கரோலின் பெயரோ யாருக்கும் தெரியாது. டென்னியல் உடனே தலையாட்டிவிடவில்லை. ஏப்ரலில்தான் சம்மதித்தார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். புத்தகத்தை வெளியிட்டது மாக்மில்லன். ஆனால் செலவு முழுவதும் கரோலின் சொந்தப் பணம். ஆக, டென்னியலின் வாடிக்கையாளர் பெரிய கம்பெனி இல்லை, சம்பளம் வாங்கும் ஒரு வாத்தியார்!

வேலை சுலபமாக நடக்கவில்லை. பத்திரிகைக்கு வாராவாரம் படம் கொடுக்க வேண்டும். நடுவில் டென்னியலின் தாயார் காலமானார். படங்கள் தாமதமாயின. கரோலும் லேசுப்பட்டவர் இல்லை, சின்னச் சின்ன விவரத்துக்கெல்லாம் கடிதம் எழுதுபவர். எப்படியோ 42 படங்கள் முடிந்தன. டால்ஸீல் சகோதரர்கள் அவற்றை மரக்கட்டையில் செதுக்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகம் 2,000 பிரதிகள் அச்சிட்டது. 1865 ஜூலையில் கரோல் நண்பர்களுக்குப் பிரதிகள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

அப்போது டென்னியலிடமிருந்து கடிதம் வந்தது. படங்கள் அச்சான விதம் தனக்குக் கொஞ்சமும் திருப்தியில்லை என்று.

நண்பர்களே, இந்த இடத்தில் நீங்கள் கரோலாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பணம் உங்களுடையது. புத்தகம் தயார். ஓவியருக்குக் கூலி பேசியாயிற்று. "உங்கள் வேலை முடிந்தது ஐயா" என்று சொல்லிவிடலாம். கரோல் அப்படிச் சொல்லவில்லை. கொடுத்த பிரதிகளைத் திருப்பிக் கேட்டு வாங்கினார். வேறு அச்சகத்தில், ரிச்சர்ட் கிளே என்பவரிடம், முழுவதையும் மறுபடி அச்சடிக்க முடிவு செய்தார்.

வணிகவியல் மாணவனான எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் ரொம்பப் பிடித்தது. 1865 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நாட்குறிப்பில் கரோல் ஒரு கணக்குப் போடுகிறார். படம் வரைய 138 பவுண்ட். செதுக்க 142. அச்சுக்கு 240. பைண்டிங், விளம்பரம் சுமார் 80. மொத்தம் 600 பவுண்ட். 2,000 பிரதிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 6 ஷில்லிங் அடக்கவிலை. எல்லாம் விற்றாலும் கைக்கு வருவது 500 பவுண்ட்தான், அதாவது பிரதிக்கு 5 ஷில்லிங். ஆக 100 நட்டம். வீணான முதல் அச்சில் இன்னொரு 100. மொத்தம் 200 பவுண்ட் கையை விட்டுப் போகும். இன்னொரு 2,000 பிரதி விற்றால், அதற்குச் செலவு 300, வரவு 500, அப்போது கணக்கு நேராகும். நம் பாடப் புத்தகத்தில் வரும் பிரேக் ஈவன் அப்படியே இருக்கிறது! அதற்கு மேல் விற்கும் என்று தான் எதிர்பார்க்க முடியாது என்றும் எழுதி வைத்தார்.

இத்தனையும் தெரிந்தே சரி என்றார். புதிய அச்சு 1865 நவம்பரில் வெளிவந்தது. பழைய தாள்களை நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனம் வாங்கி 1866-இல் அங்கே விற்றது. அந்த முதல் அச்சில் இங்கிலாந்தில் தங்கிய பிரதிகளில் இருபதுக்குச் சற்று மேல்தான் இன்று இருப்பது தெரியும். அவை ஏலத்துக்கு வந்தால் பெரும் பணம்.

டென்னியல் செய்தது நியாயமா? 138 பவுண்டை 42 படங்களுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 3 பவுண்ட் சொச்சம். நட்டத்தில் அவருக்குப் பங்கு கிடையாது. அடுத்தவர் பணத்தில் பிடிவாதம் என்றும் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் ஊரெல்லாம் குறை சொல்லித் திரியவில்லை, பணம் கொடுத்தவருக்கே நேராக எழுதினார். முடிவை எடுத்தது கரோல்.

அவர்கள் உறவு அத்தோடு முறியவும் இல்லை. அடுத்த புத்தகமான 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' வேலைக்கு நேரமில்லை என்று டென்னியல் முதலில் மறுத்தார். கரோல் வேறு ஓவியர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அவரிடமே வந்தார். நேரம் கிடைக்கும்போது செய்கிறேன் என்று 1868-இல் ஒப்புக்கொண்டார். 1870 ஜூன் 1-ஆம் தேதி டென்னியல் எழுதிய கடிதத்தில், குளவி வரும் பகுதி தன்னைக் கவரவில்லை, அதற்குப் படம் போட வழியும் தெரியவில்லை, புத்தகத்தைச் சுருக்க வேண்டுமானால் அதை எடுத்துவிடலாம் என்றார். கரோல் எடுத்துவிட்டார். அந்தப் பகுதியின் அச்சுப்படி 1974-இல்தான் ஏலத்தில் வெளியே வந்தது. 50 படங்களோடு புத்தகம் 1871 டிசம்பரில் வந்தது. சம்மதம் சொல்லி மூன்று வருடம் கழித்து! தாமதம் டென்னியலின் குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முடியாத தேதியை அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. 1889-இல் சின்னக் குழந்தைகளுக்கான வண்ணப் பதிப்பு அச்சாகி வந்தது. வண்ணம் கண்ணைக் கூசுகிறது என்று 10,000 பிரதிகளை வேண்டாம் என்றார் ஒருவர். இந்த முறை டென்னியல் இல்லை, கரோல்! 24 வருடம் முன்பு ஓவியர் காட்டிய கண்டிப்பு வாடிக்கையாளருக்கும் வந்துவிட்டது.

இதையெல்லாம் அறைத்தோழனிடம் சொன்னேன். "டென்னியல் பெரிய ஆளுடா, அவர் சொன்னா கேப்பாங்க. நான் யாரு?" என்றான். அதில் உண்மை இருக்கிறது. பெயர் பெற்றவர் சொல்லும் "கூடாது"வும் புதியவன் சொல்லும் "கூடாது"வும் ஒரே எடை இல்லை. ஆனால் அச்சுக்கு முன்னால் ஒரு மாதிரிப் பக்கம் காட்டுங்கள் என்று கேட்க பெரிய ஆளாக இருக்க வேண்டியதில்லையே? அச்சடித்த பிறகு சொன்னால்தான் 200 பவுண்ட் நட்டம். முன்னால் கேட்டால் ஒரு தாள் செலவு.

அதே பதிப்பகத்தார் போன வாரம் இரண்டாவது புத்தகத்துக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி உட்கார்ந்து, மாதிரிப் பக்கம் பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் பதில் அனுப்பினான். அனுப்பியதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்க்கிறான். பதில் இன்னும் வரவில்லை.