திருப்பிப் போட்ட ஜாக்கெட்

ஈப்போவில் விடிகாலையில் கப்சாய் ஓட்டுபவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். காற்று அறைவது நெஞ்சில். ஜிப் முதுகுப்பக்கம் போனால் இடுக்கில் நுழையாது. 23 பாகையைக் குளிர் என்றால் ஊட்டிக்காரர் சிரிப்பார். ஓடும் வண்டியில் அது வேறு.

இந்தக் குளிர் தோட்டத்திலேயே நமக்குப் பழக்கம். விடியலுக்கு முன்புதான் பால்மரப் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் பால் குறையும். அதனால் இருட்டிலேயே பெரட்டு. "பனியில வெரலு மரத்துப்போவும்யா, கத்தி மட்டும் நிக்காது" என்பார் பாட்டி. 1948இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட மேலாளர்கள் சுடப்பட்டதை வரலாறு எழுதியிருக்கிறது. விரல் மரத்ததை யார் எழுதினார்கள்?

தோட்டம் செம்பனையாகி, வீடமைப்பாகி, சனம் நகரத்துக்கு வந்தது. அப்பா காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும் ஏறக்குறைய அதே பெரட்டு நேரம்தான். சட்டைக்குள் பழைய 'தமிழ் நேசன்' தாள் மடிப்பு இருக்கும். பழசாக இருக்கவேண்டும், அன்றைய பேப்பரைத் தொட்டால் தாத்தா விடமாட்டார்.