துளையட்டை முதல் மெனு வரை: மதுரைக் கல்லூரி ஆய்வகங்களில் சுற்றுவரைவு மென்பொருள்

எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் பாடம் நடத்தியவர்களுக்குப் பழகிய காட்சி ஒன்று உண்டு. மாணவர் திரையில் சுற்றைப் பிழையின்றி வரைந்திருப்பார். வெளியீட்டு முனையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டரை வைத்து, மதிப்புப் பெட்டியில் ‘1எம்’ என்று தட்டி ரன் கொடுப்பார். அலை எழும்பாது, கோடு பூச்சியத்தில் படுத்துக் கிடக்கும். மென்பொருள் அந்த எழுத்தை மெகா என்று படிப்பதில்லை, மில்லி என்று படிக்கிறது. மெகாவுக்கு ‘மெக்’ என்று மூன்றெழுத்து தட்ட வேண்டும். இந்த விதி திரையில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை அறிய 1973க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நாகெல் உருவாக்கிய, சுற்றின் நடத்தையைக் கணக்கிடும் ஸ்பைஸ் என்ற நிரல் வெளிவந்தது. அதற்குச் சாளரமும் இல்லை, மவுசும் இல்லை. ஓர் உறுப்புக்கு ஒரு துளையட்டை. அதில் உறுப்பின் பெயர், அது இணையும் கணுக்களின் எண்கள், மதிப்பு. தரைக்கு எப்போதும் 0. முதல் அட்டை தலைப்புக்கு. கடைசி அட்டை முடிவுக்கு. அட்டையில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்ததால் மில்லியையும் மெகாவையும் எழுத்தின் வடிவால் பிரிக்க வழியில்லை. இன்றைய மாணவரின் பிழைக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

மதுரையில் இந்த வரலாறு வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. ஆலை அதிபர் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957இல் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரியை நிறுவினார். அந்தக் காலப் பொறியியல் மாணவருக்குச் சுற்று என்பது வரைபலகையும் டி-ஸ்கொயரும் கொண்டு தாளில் தீட்டுவது. தாளின் வலது கீழ்மூலையில் கட்டம் போட்டுத் தலைப்பு, தேதி, வரைந்தவர் பெயர் எழுதுவார்கள். அந்தக் கட்டம் இன்னும் அழியவில்லை. இன்றைய சுற்றுவரைவு மென்பொருள்களான ஆர்கேடைத் திறந்தாலும் கிகேடைத் திறந்தாலும் அதே மூலையில் காத்திருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் அதை நிரப்புவதே இல்லை. நிரப்பப் பழக்க வேண்டும் என்பது என் கருத்து.

வரைபலகையும் துளையட்டையும் 1980களில் ஒன்று சேர்ந்தன. 1984இல் மைக்ரோசிம் நிறுவனத்தின் பீஸ்பைஸ், ஸ்பைஸைத் தனிக்கணினிக்குக் கொண்டுவந்தது. 1985இல் ஆர்கேட் நிறுவனம் தொடங்கியது. 1998இல் இரண்டும் இணைந்தன; மறு ஆண்டு கேடன்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. படம் வரையும் சாளரம் மேலே வந்தாலும் அட்டை அடியிலேயே தங்கிவிட்டது. வரைந்த படம் முதலில் நெட்லிஸ்டாக, அதாவது அட்டைக்கட்டின் வரிகளாக மாறுகிறது. கணக்குப் போடுவது அந்த வரிகளை வைத்துத்தான். ஆர்கேடில் பார்க்கத் தரை போலவே இருக்கும் வேறொரு குறியீட்டை எடுத்துப் போட்டால், கணு மிதக்கிறது என்று பிழைச்செய்தி வருவது இதனால்தான். 0 என்று பெயரிட்ட தரை வேண்டும்.

சாளரத்துக்குள் கை நகரும் வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1999இல் வந்த எல்டிஸ்பைஸ் என்ற மென்பொருளில் நீண்ட காலம் செயலை முதலில் எடுக்க வேண்டும்: கத்தரிக்கோலைச் சொடுக்கி, பிறகு எதை வெட்டுவது என்று காட்ட வேண்டும். விண்டோஸில் பழகியவர் பொருளை முதலில் தொடுவார். தமிழில் வினை கடைசியில் நிற்கும்: ரெசிஸ்டரைத் திருப்பு, வயரை இழு. நம் மாணவர் எல்டிஸ்பைஸில் திணறுவதற்கு இந்த இலக்கண முரணும் ஒரு காரணமாகலாம் என்று கருதுகிறேன். கிகேடின் சுற்றுவரைவுச் சாளரம் 2021 டிசம்பரில் வந்த 6ஆம் பதிப்பில்தான் தேர்வு முதலில், செயல் பிறகு என்ற முறைக்கு முழுமையாக வந்தது.

மதுரைப் பகுதியின் பெரும்பாலான தனியார் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. அதன் 2013 பாடத்திட்டத்தில் ‘சர்க்யூட்ஸ் அண்ட் சிமுலேஷன் இன்டக்ரேட்டட் லேபரட்டரி’ என்றும் 2017 பாடத்திட்டத்தில் ‘சர்க்யூட்ஸ் டிசைன் அண்ட் சிமுலேஷன் லேபரட்டரி’ என்றும் நான்காம் பருவத்தில் ஓர் ஆய்வகம் இடம்பெற்றது. ஒருபாதிச் சோதனைகளைப் பிரெட்போர்டில் செய்ய வேண்டியிருந்தது, மறுபாதியை ஸ்பைஸில். ஸ்பைஸ் என்பது சாளரத்தின் பெயரன்று, கணக்கின் பெயர். எந்த மென்பொருளின் மெனுவில் மாணவர் நடை பழகுகிறார் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

உரிமக் கட்டணம் கட்ட முடியாத கல்லூரிகளுக்குக் கட்டற்ற மென்பொருள் பெரிய வழி திறந்தது. 1992இல் கிரனோபிள் நகரத்தில் ஆசிரியராக இருந்த ழான்-பியர் ஷராஸ் தொடங்கியது கிகேட். 2013 முதல் செர்ன் ஆய்வகமும் அதன் வளர்ச்சியில் கைகொடுத்தது. மும்பை ஐஐடியில் கண்ணன் மௌத்கல்யா தலைமையிலான ஃபாஸீ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் கிகேடையும் ஸ்பைஸ் வழிவந்த கணக்கீட்டு நிரலான என்ஜிஸ்பைஸையும் இணைத்து முதலில் ஆஸ்கேட் என்றும் பின்னர் இசிம் என்றும் ஒரு கருவியைத் தந்தது.

இசிம் சாளரத்தின் இடப்பக்கப் பட்டையில் பொத்தான்கள் வேலை நடக்கும் வரிசையிலேயே நிற்கின்றன. சுற்றை வரை, கிகேடிலிருந்து என்ஜிஸ்பைஸுக்கு மாற்று, உருவகப்படுத்து. நடுவில் உள்ள ‘மாற்று’ என்ற படியை வணிக மென்பொருள்கள் மறைத்துவிடுகின்றன. இரண்டு மென்பொருளை ஒட்டிய தையல் வெளியே தெரிவதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அது கற்பிக்கும் இடமாகப் படுகிறது. படம் அட்டையாக மாறும் கணத்தை மாணவர் அங்கே தன் கையால் சொடுக்கிக் கடக்கிறார். மாற்றிய கோப்பை ஆசிரியர் திறந்து காட்டினால் போதும். முதல் வரி தலைப்பு. கடைசி வரி முடிவு. நடுவில் ‘ஆர்1 2 0 1எம்’. மாணவர் அந்தக் கடைசிச் சொல்லை ‘1மெக்’ என்று திருத்தி மறுபடி ரன் கொடுக்கும்போது அலை எழும்புகிறது.