முதிரைத் தூள் சொல்லும் வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் ஓடாவி இருப்பவர்கள், மரவேலை பழகும் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் வீட்டு முற்றத்தில் சிறு பட்டறை போட்டிருக்கிறார். 'ஸ்குரோல் சோ' என்கிற சின்ன மேசை வாள் வாங்கியிருக்கிறார். நூல் மாதிரி மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓடும். மரத்தை நாம் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் அரபு எழுத்து, பூ, கொடி எல்லாம் வெட்டி எடுக்கலாம். உடைக்கிற பழைய வீடுகளின் கதவு நிலைகளை வாங்கி, அதில் பெயர்ப்பலகையும் ஆயத்துகளும் வெட்டி விற்கிறார். நல்ல கைத்தொழில்.

போன கிழமை வழியில் கண்டேன். இரண்டு கையும் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. கண்ணும் வீங்கியிருந்தது. "சேர், கணவாய் ஒத்துக்கொள்ளல்ல போல" என்றார். "என்ன மரம் வெட்டினீங்க மகன்?" என்று கேட்டேன். "முதிரை சேர். பழைய நிலை ஒன்று கிடைச்சது" என்றார். அப்போதுதான் இந்த வரலாற்றை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதிரை நமது வரண்ட வலயக் காடுகளின் மரம். தங்க நிறம், பட்டு மாதிரி மினுக்கம். ஆங்கிலேயர் அதைப் பட்டு மரம் என்ற பொருளில் 'சட்டின்வூட்' என்றார்கள். அதன் பலத்துக்கு ஒரு சாட்சி பேராதனைப் பாலம். 1833இல் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 205 அடி நீளத்தில் ஒரே வளைவாக முதிரையால் கட்டினார்கள். 1905இல் கழற்றும் வரை எழுபது வருடத்துக்கு மேல் அது வண்டியும் சனமும் சுமந்தது.

முதிரைக்கு முன்பே உலகம் தேடிய மரம் நமது கருங்காலி. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் கருங்காலிக் கதிரையும் அலுமாரியும் செய்தார்கள். பிரான்சில் உயர்தரத் தளபாடம் செய்யும் ஓடாவிக்கு 'எபெனிஸ்த்' என்று பெயர். அது கருங்காலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்த மரத்தை வெட்டத் தெரிந்தவன் அவ்வளவு பெரிய ஆள் என்று அர்த்தம்.

நமது பிள்ளையின் மேசை வாளின் பாட்டன் பிறந்ததும் அந்தத் தொழிலில்தான். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மெல்லிய உருக்குப் பிளேட் செய்யப் பழகிய பிறகு வளைவு வெட்டும் கைவாள் வளர்ந்தது. 1672இல் பதினான்காம் லூயி மன்னரின் அரச ஓடாவியான ஆந்த்ரே-ஷார்ல் பூல், பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டில் வெட்டி, ஒன்றின் பூவை மற்றதன் பள்ளத்தில் பதித்தார். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தையல் மெசின் மாதிரிக் காலால் மிதிக்கும் வாள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீடு வீடாகப் போனது. 20ஆம் நூற்றாண்டில் அதற்கு மோட்டார் வந்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கைவாள் மெல்லப் போகும், தூள் பெரும்பாலும் பருமனாகக் காலடியில் விழும். மெசின் வாளும் மெசின் சேண்ட் பேப்பரும் கண்ணுக்குத் தெரியாத நுண்தூளை நிறையக் கிளப்பும். அது காற்றில் நெடுநேரம் மிதக்கும். மரம் பழைய மரம்தான், மூச்சுக்குள் போகும் தூள்தான் மாறியது.

முதிரையின் சங்கதி வெளியில் தெரிந்தது பிரித்தானியாவில். கப்பல்களின் உள் அலங்காரத்துக்கு முதிரையை இழைத்த தொழிலாளிகளுக்குக் கையிலும் முகத்திலும் அரிப்பும் தடிப்பும் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள மருத்துவ சஞ்சிகைகள் இதை எழுதின. அந்த மரத்திலிருந்து ஒரு இரசாயனத்தைப் பிரித்தெடுத்து 'குளோரோக்சைலோனின்' என்று பெயரும் வைத்தார்கள். ஆகவே மகனே, குற்றம் கணவாயில் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு கப்பல் ஓடாவிக்கு வந்ததுதான் உங்களுக்கும் வந்திருக்கிறது.

தோல் அரிப்பு ஆறிவிடும். அடுத்த கதை அப்படியில்லை.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்பது கதிரை செய்யும் ஊர். அங்கே காது, மூக்கு, தொண்டை வைத்தியராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற பெண்மணி 1960களில் ஒன்றைக் கவனித்தார். மூக்குக்குள் வரும் ஒரு அரிய புற்றுநோய் தன்னிடம் அளவுக்கு மீறி வருகிறது, வந்தவர்கள் அநேகமாகத் தளபாடத் தொழிலாளிகள். அவரும் ஒக்ஸ்போர்ட் வைத்தியர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார்கள். 1969இல் பிரித்தானிய அரசு அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது.

ஹை விக்கம்காரர்கள் வெட்டியது பெரும்பாலும் அவர்கள் ஊர் பீச், ஓக் போன்ற மரங்கள். அரிப்பு வராத மரம் என்றால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அந்த நோய் தூளைச் சுவாசிக்கத் தொடங்கி நாற்பது வருடம் போல் கழித்து வருகிறது. இருபது வயதில் தொடங்கினால் அறுபதில். அப்போது யாரும் மரத்தை நினைக்கமாட்டார்கள்.

"எங்கட வாப்பா முகமூடி போட்டா வேலை செஞ்சார்?" என்று கேட்பீர்கள். வாப்பா பெரும்பாலும் சீவுளியும் உளியும் பிடித்தார். நீங்கள் மூடிய அறைக்குள் மோட்டார் ஓட்டுகிறீர்கள்.

ஆகவே என்ன செய்வது?

1. முகத்துக்குத் துணியோ சாதாரண மாஸ்க்கோ போதாது. கொரோனா காலத்தில் பழகிய என்95 மாஸ்க் வேண்டும், இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். கண்ணாடியும் போடுங்கள். பிளேட் அறுந்தால் துண்டு பறக்கும்.

2. இந்த மெசினில் கோடு தெரிவதற்காகத் தூளை ஊதிவிடும் சிறு குழாய் இருக்கும். அது தூளை அறைக்குள்தான் பரப்புகிறது. மேசைக்குக் கீழே வெக்கூம் பூட்டுங்கள். முடியாவிட்டால் திறந்த வெளியில், காற்று முதுகிலிருந்து வருமாறு இருங்கள்.

3. முதிரை, கருங்காலி, பாலை எல்லாம் இறுகிய மரங்கள். வேகத்தைக் குறையுங்கள், மரத்தைத் தள்ளாதீர்கள், பிளேட்டை அதன் பாட்டில் வெட்ட விடுங்கள். ஓரம் கருகினாலோ புகை மணத்தாலோ பிளேட் மழுங்கிவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். மரத்தின் மேல் பொதி ஒட்டும் டேப் ஒட்டி வெட்டினால் கருகல் குறையும். பழைய நிலையென்றால் முதலில் ஆணி தேடுங்கள்.

4. சேண்ட் பேப்பர் தேய்ப்பில்தான் மிக நுண்ணிய தூள் வரும். பலகையை வெட்டுவதற்கு முன்பே தேய்த்துவிட்டால் பிறகு வேலை குறைவு. கருங்காலியை மெசினால் சூடேறத் தேய்த்தால் மயிர்வெடிப்பு விழும். கையால் மெதுவாகத் தேய்த்து மெழுகு பூசினாலே மினுங்கும்.

5. தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி வைத்தால் தானாகச் சூடாகித் தீப்பற்றும். விரித்து வெளியில் காயப் போடுங்கள்.

இழுப்பு வந்தாலோ, ஒரு பக்க மூக்கில் அடிக்கடி இரத்தம் வந்தாலோ, நெடுநாள் அடைத்திருந்தாலோ வைத்தியரிடம் போங்கள். என்ன மரம், எத்தனை வருடம் என்பதையும் சொல்லுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையிடம் தொழிலை விடச் சொல்லவில்லை. மாஸ்க் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், மெசினை அறையிலிருந்து தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னேன். நேற்று கை ஆறியிருந்தது. அரிப்பு வந்த மரத்தை இனி நீளக்கை சட்டை போட்டுத்தான் தொடுவேன் என்றார். உடம்பு நம்மிடம் தரப்பட்ட அமானிதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பட்டறைக்குள்ளும் அது அமானிதம்தான்.

உங்கள் குடும்பத்து மூத்த ஓடாவிமாருக்கு எந்த மரம் ஒத்துக்கொள்ளாமல் இருந்தது? கீழே எழுதுங்கள். இளம் பிள்ளைகள் படிக்கட்டும்.