துரை வீட்டு வாசலா, தணிகைமலைப் படியா?

புது ஆபீஸ்ல முதல் நாள். எல்லாரையும் வட்டமா உட்கார வச்சு, "உங்களைப் பத்தி ரெண்டு உண்மை, ஒரு பொய் சொல்லுங்க"ன்னு கேட்பாங்க. கேட்டதுமே நமக்கு வயித்தைக் கலக்கும். முன்பின் தெரியாதவங்களைப் பழக வைக்கத்தான் இந்த ஐஸ்பிரேக்கர் விளையாட்டு. அதே வேலையை நூறு வருஷத்துக்கு மேலா ஒரு மலைப் படிக்கட்டு செஞ்சிட்டு வருது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஆங்கிலேயர் காலத்துல ஜனவரி 1 வந்தா, நம்ம ஊர் உத்தியோகஸ்தர்களும் பெரிய மனுஷங்களும் மாலையும் பழமுமா வெள்ளைக்கார துரை வீட்டுக்குப் போய் வாழ்த்து சொல்றது வழக்கம். அதுவும் ஒரு அறிமுகச் சடங்குதான். ஆனா யார் பெரியவர், யார் சின்னவர்ங்கிறது வாசல்லயே முடிவாகிடும். பக்கத்துல நிக்கிறவரோட பழகறதுக்கு அங்க இடமே இல்லை.

இது வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளுக்கு உறுத்துச்சு. வருஷத்தோட முதல் வணக்கம் முருகனுக்குத்தான் போகணும்னு, 1917 டிசம்பர் 31 அன்னைக்கு அன்பர்களைத் திரட்டித் திருத்தணியில ஆரம்பிச்சதுதான் திருப்புகழ் திருப்படித் திருவிழா.

முறை ரொம்ப எளிமை. வருஷத்துக்கு 365 நாள், மலைக்கு 365 படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வச்சு, கற்பூரம் ஏத்தி, ஒரு திருப்புகழ் பாடிட்டுத்தான் அடுத்த படி. அருணகிரிநாதர் பாடின அந்தப் பாட்டுகளை, வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா ஏடு தேடி, 1894-லயும் 1901-லயும் அச்சுல கொண்டு வந்திருந்தார். அதனால பாட்டு பலர் கைக்குப் போயிருந்துச்சு. சுவாமிகளே வளர்ந்த பிறகுதான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிச்சுத் திருப்புகழைக் கத்துக்கிட்டவர். மைசூர் அரண்மனைச் சமையல் வேலையில இருந்தவர் அவர்.

இது வழிபாடு, விளையாட்டு இல்லைதான். ஆனா மனுஷங்க பழகுற விதத்தைப் பாருங்க. இங்க யாரும் "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்கறதில்லை. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடுறாங்க. வார்த்தை தெரியாதவர் தாளம் போடலாம், கற்பூரம் ஏத்தலாம். கூச்சப்படுறவருக்கும் கையில ஒரு வேலை இருக்கு. மேல போய்ச் சேர்றதுக்குள்ள பேரு, ஊரு எல்லாம் தானா வந்துடும்.

இன்னொண்ணு. திருத்தணி 1911-ல இருந்து சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊர். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல தான் சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. மொழி பெரிய சண்டையா இருந்த மண் இது. இன்னைக்கும் டிசம்பர் 31-க்குத் தமிழ்நாட்டு பஜனைக் கோஷ்டிகளோட ஆந்திரா, கர்நாடகாவுல இருந்தும் பக்தர்கள் வர்றாங்க. படியில நின்னா எல்லாருக்கும் அடுத்த பாட்டுதான் கணக்கு.

அதனால, நாளைக்கு உங்க டீம்ல புதுசா ஒருத்தர் சேர்ந்தா, கேள்வி கேட்டுத் திணறடிக்காதீங்க. சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலை கொடுங்க. பேச்சு தானா வரும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.